இன்னும் கொஞ்சம் வெளிச்சம்

தன் மெக்கானிக் ஷெட்டில், வண்டிக்கு மாட்டும் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, மச்சினன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். நீளமான பார் லைட் ஒன்று. தூரத்துக்கு அடிக்கும் வட்ட விளக்குகள். பக்கவாட்டில் பரவலாக அடிக்கும் சின்னச் சதுர விளக்குகள். பனிக்கும் தூசிக்குமான மஞ்சள் விளக்குகள் தனியாக ஒரு ஓரத்தில்.

"இதுல எது வேணும்னு சொல்லுங்க மாமா. மத்ததை எடுத்து உள்ள வெச்சிடுறேன்."

"எல்லாம் வேணும்," என்றார் மலையண்ணன்.

மச்சினன் சிரித்தான். "எல்லாத்தையும் மாட்டினா மேல போற விமானம் இதுதான் ரன்வேன்னு நெனச்சு உங்க வண்டி மேல இறங்கிடும்."

இந்த மாதிரிப் பேச்சுக்கு அவரிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். இவன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்று அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் குனிந்து ஒரு சதுர விளக்கின் கண்ணாடியைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையண்ணன் என்பது அவருக்கு வேலை ஆட்கள் வைத்த பெயர். மலை உச்சியில் இருக்கும் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கி வருவதுதான் அவர் வேலை. ரோடு என்று எதுவும் கிடையாது. கல்லும் சேறும் ஓடைத் தண்ணீரும்தான் வழி. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பைத் தவிர வேறு எதுவும் அங்கே ஏறாது. பொழுது சாயும் முன்னால் ஒரு கூட்டத்தை மேலே விட்டுவிட்டு, இருட்டிய பிறகு, வேலை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். இறங்கும்போது பின்சீட்டில் இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். அந்தப் பாதையில் தூங்குவதென்றால் ஓட்டுகிறவர்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே கொஞ்சம் பெருமை உண்டு.

போன மழைக்காலத்தில்தான் பாதையின் ஓரம் முதலில் காணாமல் போனது. நடுவில் கல் தெரிந்தது, சக்கரத் தடம் தெரிந்தது. இரண்டு பக்கமும் யாரோ கரித்துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. ஹெட்லைட் மங்கிவிட்டது என்று பல்பை மாற்றினார். பிறகு வண்டியின் முன்கண்ணாடிதான் கீறிப்போயிருக்கிறது என்று அதையும் மாற்றினார். அப்புறம் மாற்றுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கிருந்த டாக்டர் இளவயதுப் பெண். நிதானமாக, அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. முதலில் இருட்டில் பார்வை குறையும், பிறகு பகலிலும் குறையும். கண்ணாடி போட்டும் ஆகாது, ஆபரேஷன் செய்தும் ஆகாது. இருட்டில் வண்டி ஓட்டவே கூடாது. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்.

"வெளிச்சத்தைக் கூட்டினா தெரியுமா டாக்டர்?"

டாக்டர் பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தாள். "நேரா இருக்குறது கொஞ்ச நாளைக்கு நல்லாத் தெரியலாம்."

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு பேச்சைத்தான் அவர் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

அதற்குப் பிறகும் ஓட்டினார். பாதை மனப்பாடம்தான், எந்த வளைவில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது அவர் கைக்கே தெரியும். ஆனால் மழை பாதையை மாற்றிவிடும் என்பதைக் கை அறியாது. போன வாரம் இறங்கும்போது முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. வண்டி ஒரு மூச்சு நேரம் சாய்ந்து நின்று, பிறகு மனம் மாறியதுபோல் பாதைக்குத் திரும்பியது. பின்சீட்டில் ஒருவர் கண் விழித்து, "என்னண்ணே?" என்றார்.

"கல்லு. தூங்குங்க," என்றார் மலையண்ணன். கேட்டவரும் மறுபடி தூங்கிவிட்டார். மறுநாள் காலையிலேயே மச்சினனுக்குப் போன் போட்டு, மேல் கேரியருக்கு விளக்கு வேண்டும் என்றார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க," என்றான் மச்சினன், வட்ட விளக்கைக் கையில் எடுத்து. "உங்க பாதையில நேரா போற இடமே கிடையாது. அப்புறம் தூரத்துக்கு அடிக்கிற லைட் எதுக்கு? எதிர் மலையில யார் வீட்டுச் சமையலைப் பார்க்கப் போறீங்க?"

"சரி, அது வேணாம். ஓரம் தெரியுற மாதிரி எது?"

"ஓரத்துக்கு இந்தச் சதுர லைட்தான். கேரியரோட ரெண்டு மூலையிலயும் கொஞ்சம் வெளிப்பக்கமாத் திருப்பி வெச்சா வளைவு முழுசும் தெரியும்."

"இன்னும் அகலமா?"

"பார் லைட்டும் சேர்த்துப் போடலாம். ஆனா அதை முன்னாடி ஓரத்துல வெச்சா பானெட்டு மேல வெளிச்சம் விழுந்து கண்ணைக் கூசும். கொஞ்சம் பின்னாடி தள்ளித்தான் வெக்கணும். பனியில அதைப் போடவே கூடாது, வெள்ளைச் சுவர் மாதிரி எதிர்ல நின்னுக்கும்."

"இன்னும் அகலமா எதுவும் இல்லையா மாப்ள?"

மச்சினன் விளக்கை மேசைமேல் வைத்தான். "அதுக்கு மேல அகலம்னா பின்னாடிப் பக்கம் தெரியும். மாமா, உங்களுக்கு என்ன ஆச்சு? வெறும் ஹெட்லைட்ல அந்த மலையை ஏறி இறங்கின ஆளு நீங்க."

"வயசாகுதுல்ல," என்றார் அவர். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை.

சதுர விளக்குகளையும் பார் லைட்டையும் தற்காலிகமாகக் கேரியரில் மாட்டினார்கள். எரியவிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு வயரிங்கை முறையாக இழுக்கலாம் என்றான் மச்சினன். ஷெட்டுக்குப் பின்னால் பழைய வண்டிகளை நிறுத்தும் காலி இடம் ஒன்று இருந்தது. சுற்றிலும் தகர வேலி, இடது பக்கம் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. பொழுது இறங்கி, முகம் மட்டும் தெரிகிற வெளிச்சம் வரும்வரை காத்திருந்தார்கள். மலையண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மச்சினன் சுவிட்சைப் போட்டான்.

மண் தரை முழுவதும் பகலானது. எதிரே துருப்பிடித்த லாரி கேபின் ஒன்று, அதன் உடைந்த கண்ணாடி, அதன் கீழே முளைத்திருந்த புல், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. எத்தனையோ மாதங்களாக இந்த நேரத்தில் அவர் ஒரு புல்லைப் பார்த்ததில்லை. அவ்வளவுதான் விஷயம், இதற்குப்போய் செத்துப் பிழைத்தோமே என்று நினைத்தார்.

"எப்படி இருக்கு?" என்று வெளியிலிருந்து மச்சினன் கேட்டான்.

"நல்லா இருக்கு மாப்ள. ரொம்ப நல்லா இருக்கு."

"மெதுவா எடுத்து இடது பக்கம் திருப்புங்க. திரும்பும்போது லைட் ஓரத்துக்கு வருதான்னு பார்ப்போம்."

அவர் கிளட்சை விட்டார். வண்டி நகர்ந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார்.

அடுத்து அவருக்குக் கேட்டது மச்சினனின் அலறல். பிறகு கதவின்மேல் அவன் கை விழுந்த சத்தம். பிரேக்கை அழுத்தினார். வண்டி குலுங்கி நின்றது. எங்கிருந்தோ ஒரு பெண் குரல் "அய்யோ" என்றது. அது தன் மனைவியின் குரல் என்பது காதில் ஏறியபிறகும், அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பி, திருப்பி, கடைசியில் கண்டுபிடித்தார். இடது பம்பருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து அவரை அழைத்துப்போக, அந்தச் சின்னக் கதவு வழியாக உள்ளே வந்தவள். அவள் கைப்பை சக்கரத்தின் அடியில் கிடந்தது.

மச்சினன் ஓடிப்போய் அவளைத் தூக்கினான். அடி எதுவும் இல்லை. முழங்கையில் மட்டும் மண் ஒட்டியிருந்தது.

"லைட் கண்ணைக் கூசுச்சுன்னு கையை வெச்சு மறைச்சுக்கிட்டு நின்னேன்," என்றாள் அவள், மூச்சு வாங்க. "நீங்க பார்த்துட்டு நிறுத்துவீங்கன்னு நெனச்சேன்."

மலையண்ணன் இறங்கி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"முழு வெளிச்சமும் அக்கா மேலதான் மாமா இருந்துச்சு," என்றான் மச்சினன். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "துணியில இருக்குற பூ கூட எனக்குத் தெரிஞ்சுது. நீங்க எங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"நேராத்தான் பார்த்தேன்."

"அப்புறம்?"

"நேரா மட்டும்தான் தெரியுது."

அந்த இடத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கரித்துணி மாதிரி இறங்கும் இருட்டு, ஆஸ்பத்திரி, டாக்டர் சொன்னது, அந்தரத்தில் தொங்கிய சக்கரம். விளக்குகளை யாரும் அணைக்கவில்லை. மூன்று பேரும் அந்த வெள்ளை வெளிச்சத்தில் நின்றார்கள். எங்கிருந்தோ பூச்சிகள் வந்து மொய்த்தன.

மனைவி அவர் எதிர்பார்த்ததைக் கேட்கவில்லை.

"உங்க அண்ணனுக்குப் பட்டறையில தீப்பொறி பட்டுத்தான் கண்ணு போச்சுன்னு சொன்னீங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"கல்யாணம் பேச வந்தப்போ அப்படித்தான் சொன்னீங்க. எங்க அப்பா ரெண்டு தடவை கேட்டாரு."

"அம்மா அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

"உங்க அப்பாவுக்கு?"

"அப்பா பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவாரு. ஏன்னு யாரும் கேட்டதில்லை. எனக்கு வராதுன்னு நெனச்சேன். இந்த வயசு வரைக்கும் வரலைங்கறப்போ, இனிமே வராதுன்னே நெனச்சுட்டேன்."

"அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்றான் மச்சினன்.

அவள் தம்பியைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்த பையை எடுத்தாள். அதன் பிடி அறுந்திருந்தது. அதை முடிச்சுப் போட முயன்றாள், முடியவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம பாப்பா இப்பல்லாம் சாயங்காலம் வெளியே போனா என் கையை விட மாட்டேங்குறா," என்றாள். "படியில இறங்கும்போது காலால தடவித் தடவி இறங்குறா. நாயைப் பார்த்துப் பயந்துட்டான்னு நெனச்சேன். இவ்வளவு பெரிய பொண்ணு, என்ன பயம்னு நேத்துக்கூடத் திட்டினேன்."

மலையண்ணன் வண்டியின் படியில் உட்கார்ந்தார். மச்சினன்தான் கடைசியில் போய் சுவிட்சை அணைத்தான். அணைந்ததும் அவருக்கு எதுவுமே தெரியாமல் போனது. மனைவி விலகிப் போகிறாளா, அங்கேயே நிற்கிறாளா என்பதுகூட.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் போய் சூப்பர்வைசரிடம் சொன்னார். பகலில் மட்டும் ஓட்டுகிறேன் என்றார். ஆட்கள் இறங்குவதே இருட்டியபிறகு, பகலில் அந்த வண்டிக்கு என்ன வேலை என்று சூப்பர்வைசர் கேட்டார். கேட்டுவிட்டுச் சங்கடப்பட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். வெளியே வரும்போது, பின்சீட்டில் தூங்குகிற ஆட்கள் இருவர் எதிரே வந்தார்கள். "என்னண்ணே, உடம்பு சரியில்லையா? நீங்க இல்லாம நேத்து ஒருத்தரும் கண்ணை மூடல," என்றார்கள். ஆமாம், உடம்புதான் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். தெருவோரம் போய் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு, குடித்த டீயை வாந்தி எடுத்தார்.

வீட்டில் மனைவி சமைத்தாள், பரிமாறினாள், வேலைக்குப் போனாள். அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தடவை மட்டும், துணி மடித்துக்கொண்டே, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் உங்களைக் கட்டியிருக்க மாட்டேன்னு சொல்லல. தெரிஞ்சு கட்டியிருப்பேனோ என்னமோ. அதை நான் யோசிக்கிறதுக்கே நீங்க விடல," என்றாள். அவர் தலையாட்டினார்.

மகளை அதே ஆஸ்பத்திரிக்கு, அதே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டருக்கு அவரை நினைவிருந்தது. சிறுமியின் கண்ணில் மருந்து விட்டாள், ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொன்னாள், பிறகு இருட்டறைக்கு அழைத்துப்போனாள். துணைக்கு ஒருவர் வரலாம் என்றாள். மலையண்ணன் போனார். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் மின்னும் புள்ளிகளைச் சொல்லச் சொன்னாள். மகள் சில புள்ளிகளைச் சொன்னாள். மற்றவற்றுக்குப் பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமல் இருந்த நேரங்களைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் டாக்டர், மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கதவு சாத்தியிருந்தது. திரும்ப வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. நல்ல வெயில். மனைவி முன்சீட்டில் தனியாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கின. மகள் அப்பாவின் பக்கத்தில், மருந்து விட்ட கண்களை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, அந்த ரூம்ல எதுக்கு லைட்டை அணைச்சாங்க?"

"சும்மா, டெஸ்டுக்கு."

"எனக்குப் பாதி ஒண்ணுமே தெரியல. அந்த ஆன்ட்டி திட்டுவாங்களோன்னு பயந்துட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குத் தெரிஞ்சுதாப்பா?"

"எனக்கும் தெரியலம்மா."

"உங்களுக்குமா?"

"எனக்கு ஒண்ணுகூடத் தெரியல."

மகள் பெருமூச்சு விட்டாள். நிம்மதியாகச் சிரித்தாள். "அப்போ சரி," என்று சொல்லிவிட்டு, அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.