விமானத்துக்குக் கட்டிய வளைவு

கிளென்மோர் தோட்டத்து மைதானத்தில் இறங்கிக் காட்டாதவன் கப்டன் ஆக முடியாது. அந்தச் சின்ன விமானக் கம்பனியின் சட்டம் அது. கொத்மலையில் அணை கட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர்மாரை இரத்மலானை விமானத் தளத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போவதுதான் கம்பனிக்குச் சோறு போடும் வேலை. அவர்களை இறக்க மலைநாட்டில் கிடைத்த ஒரே இடம், பூண்டுலோயாவுக்குப் போகிற வழியில், பழைய துரைமார் பந்தடிக்க வெட்டிய அந்த மைதானம். பெயர்தான் மைதானம். கீழ்முனையில் பள்ளம், மேல்முனையில் தேயிலைத் தொழிற்சாலை, இரண்டு பக்கமும் மலை. கீழிருந்து மேல்நோக்கித்தான் இறங்கலாம். வரும் வழியில் வலதுபக்கம் ஒரு வெள்ளைப் பாறை நிற்கும். அதற்கு முன்னால் மனம் மாறினால் இடதுபுறப் பள்ளத்தாக்கில் திரும்பித் தப்பிக்கொள்ளலாம். பாறையைத் தாண்டிய பிறகு அந்தப் பேச்சே கிடையாது, இறங்கியே ஆகவேண்டும்.

எண்பத்தொன்றாம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு காலை, சூசைரட்ணம் அந்தப் பாறையை நோக்கி வந்துகொண்டிருந்தான். உட்கார்ந்திருந்தது இடது ஆசனத்தில். அது கப்டனுடைய ஆசனம், அன்றைக்கு மட்டும் இரவல். வலது ஆசனத்தில் பரீட்சைக்காரராகக் கப்டன் எபர்ட் இருந்தார். நரைத்த மீசை, சிரிக்கத் தெரியாத வாய், பறங்கி இனத்து மனிதர். பின்னால் எட்டு இருக்கைகளும் காலி.

விமானம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தவன் சூசைரட்ணம். பிறகு மெக்கானிக்குகளுக்குக் கையாளாக இருந்து, அவர்களில் ஒருவனாகி, ஆள் பற்றாக்குறையில் கம்பனியே பறக்கப் பழக்க, நாலு வருடம் வலது ஆசனத்தில் கோ-பைலட்டாகக் குந்தியிருந்தவன். மிச்சமிருந்தது ஒரே ஒரு படி. ஆறு மாதத்துக்கு முன் அந்தப் படியில் கால் வைத்துச் சறுக்கினான். பாறைக்கு வெகு முன்பே மூடுபனியைக் கண்டு திரும்பிவிட்டான். பயந்தவனுக்கு இடது ஆசனம் எதற்கு என்று எபர்ட் முகத்துக்கு நேரே கேட்டார். இது இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை என்று கம்பனியில் யாருக்கும் கொடுத்ததில்லை. இன்றைக்கு இறங்காவிட்டால் ஆயுள் முழுக்க வலதுபக்கம்தான்.

இன்னொன்றையும் அவன் மறைத்து வைத்திருந்தான். வேலைக்குச் சேர்ந்தபோது ஊர் எது என்று கேட்டார்கள், ஹட்டன் டவுன் என்றான். அவனைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று அவர்களாகவே எண்ணிக்கொண்டார்கள், இவனும் எண்ணட்டும் என்று விட்டுவிட்டான். உண்மையில் அவன் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு, அந்தக் கிளென்மோர் மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவன் தாய் மரியநாயகி இன்றும் அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள். கோ-பைலட்டாக அங்கே வந்திறங்கிய நாட்களில் அவன் விமானத்தை விட்டுக் கீழே கால் வைத்ததில்லை. சொல்லியிருந்தால் யாரும் கடித்துத் தின்றிருக்கமாட்டார்கள். ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்றை ஏழெட்டு வருடம் கழித்துச் சொல்வது லேசான காரியமா?

அன்று பனி இல்லை. ஆகாயம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சக்கரத்தை இறக்கினான், வேகத்தைக் குறைத்தான். எபர்ட் மீற்றர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக வந்தது. அப்போதுதான் மைதானத்தின் கீழ்முனையில், சக்கரம் தொடவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால், பச்சையாக எதுவோ குறுக்கே நிற்பது தெரிந்தது. மாட்டுப்பட்டி வேலி என்று ஒரு கணம் நினைத்தான். அடுத்த கணம் புரிந்தது.

மூங்கில் நட்டு, பன்ன இலை சுற்றி, வாழைமரமும் கடதாசிப் பூவும் கட்டிய சோடனை வளைவு. ஆயர் வந்தாலும் புதுத் துரை வந்தாலும் மந்திரி வந்தாலும் தோட்டத்து எல்லையில் இப்படித்தான் கட்டுவார்கள். வருகிறவர் எவரானாலும் அதற்குள்ளால் நுழைந்துதான் வரவேண்டும்.

நடந்தது இதுதான். விமானம் வருகிறது, மாடுகளை அப்புறப்படுத்துங்கள் என்று ஓட்டி வருகிறவன் பெயரோடு கம்பனி தோட்டத்துத் துரைக்குச் சொல்ல, துரை கண்டாக்கு என்ற மேற்பார்வைக்காரருக்குச் சொல்ல, ஓட்டி வருவது மரியநாயகி மகனாம் என்கிற செய்தியும் கூடவே லயத்துக்குப் போய்விட்டது. மாடுகளை அப்புறப்படுத்தினார்கள். அத்தோடு விடுவார்களா? தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கம் முன்னுக்கு நிற்க, காலையில் பெயர் பதிகிற பெரட்டு முடிந்த கையோடு ஆளாளுக்கு மூங்கில் வெட்டி, விமானம் நுழைந்து வர ஒரு வளைவு கட்டிவிட்டார்கள். மலையில் எட்ட நின்றே விமானத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் இறக்கை நீளம் எவ்வளவு என்று யார் சொன்னார்கள்!

பாறைக்கு முன்பே திரும்பி மேலேறினான். போன தடவை செய்ததையே செய்கிறாய் என்றார் எபர்ட். குரலில் கோபம்கூட இல்லை. மைதானத்தில் வளைவு நிற்கிறது என்றான். எபர்ட் குனிந்து பார்த்தார். எந்த மடையர்கள் செய்த வேலை இது என்று கேட்டார்.

மடையர்கள்தான் என்று சேர்ந்து சொல்லிவிட்டால் முடிந்தது கதை.

"என் ஆட்கள், சேர். எனக்காகக் கட்டியிருக்கிறார்கள். நான் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்."

எபர்ட் அவனைத் திரும்பிப் பார்த்தார். வந்து திரும்பியதைக் கண்டிருப்பார்கள், கழற்றியிருப்பார்கள், இன்னொரு தரம் வா, அதுதான் கடைசி என்றார்.

பள்ளத்தாக்கைச் சுற்றி வருகையில் சூசைரட்ணம் கீழே பார்த்தான். ஆட்கள் வளைவைச் சுற்றி எறும்பாக மொய்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்றுகிறார்கள் என்று உயிர் வந்தது. மறுபடி பாறைக்கு நேராக மூக்கைத் திருப்பியபோது பார்த்தால், வளைவு முன்னைவிட உயரமாக நின்றது. அடியில் மூங்கில் முட்டுக் கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். பாவிகள், உயரம் பற்றாமல்தான் பிள்ளை திரும்பிப் போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். அந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அழுகையும் வரப் பார்த்தது.

மேலாக வந்து வளைவுக்கு அப்பால் இறக்கு என்றார் எபர்ட். மிச்சத் தரை போதும், ஏற்றம் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் சொன்னது சரி. தரை போதும். அவனாலும் முடியும். இந்த இறக்கம் முடிந்தால் நாளைக்கே தோளில் கப்டனுக்குரிய நாலாவது பட்டி.

ஆனால் வளைவுக்கு அப்பால் ஆட்கள் நின்றார்கள். இரண்டு ஓரத்திலும் வரிசை, நட்டநடுவில் பெண்கள் கூட்டம். அதற்கும் முன்னால் தனியாக ஒரு நீலச் சேலை. முகம் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. முதல் ஆலத்தி பெற்றவள்தான் எடுப்பாள். அவள் கையில் மஞ்சள் தண்ணீர்த் தட்டு இருக்கும். பக்கத்தில் ஒருவன் முன்சக்கரத்தடியில் உடைக்கத் தேங்காயோடு நிற்பான்.

ஆட்கள் நிற்கிறார்கள் என்றான். விமானத்தைக் கண்டால் சிதறி ஓடுவார்கள், எங்கேயும் அப்படித்தான், இறக்கு என்றார் எபர்ட்.

வேறு எங்கேயும் அப்படித்தான். இங்கே அப்படியில்லை என்பது சூசைரட்ணத்துக்குத் தெரியும். ஆயருடைய கார் வந்தபோது அவனே பார்த்திருக்கிறான். வண்டி கிட்ட வர வர ஆட்கள் விலகமாட்டார்கள், நெருங்குவார்கள். ஆலத்தித் தட்டைக் கண்டும் நிற்காத வண்டியை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை. காருக்குப் பிரேக் இருந்தது. இவனுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கத்தியாகச் சுழன்றுகொண்டிருந்தது புரொப்பெல்லர்.

பாறை வலதுபக்கம் பெரிதாக வந்தது.

"இறக்கு. இது என் உத்தரவு."

"இறக்கமாட்டேன், சேர்."

இரண்டு எஞ்சின்களையும் முழுசாகத் திறந்து இடதுபுறம் சாய்த்தான். பாறை ஜன்னலோரம் சரிந்து போயிற்று. எதிர்மலைச் சவுக்கு மரங்கள் கிட்ட வந்தன, மிகவும் கிட்ட வந்தன. எபர்ட் முன்பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மரநுனிகள் சக்கரத்துக்குக் கீழே ஓடி மறைந்தன, பிறகு வெறும் ஆகாயம். மூக்கை நேராக்கினான். பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய துக்கமும் இருந்தது.

இரத்மலானைக்குத் திரும்பி இறங்கினார்கள். எஞ்சினை நிறுத்திய பிறகு, அந்தப் பெண்கள் ஏன் ஓடவில்லை என்று எபர்ட் கேட்டார். ஆலத்தியைப் பற்றிச் சொன்னான். முன்னால் நின்றது தன் தாய் என்றும் சொன்னான். அவர் பரீட்சைத் தாளை எடுத்து முடிவை எழுதினார். கடைசியில், இறங்கவில்லை என்றால் இறங்கவில்லைதான், அதை மாற்றி எழுத என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். சூசைரட்ணம் பிடித்துக் குலுக்கினான். அடுத்த வாரம் அவனுக்குப் பின்னால் வந்த ஒருவன் கிளென்மோரில் இறங்கி இடது ஆசனத்துக்குப் போனான். அன்றைக்கு மைதானத்தில் மாடுகூட இல்லையாம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து, சூசைரட்ணம் லயத்துக்கு வந்தான். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்றவர்கள் தலையைக் குனிந்து குடத்தைப் பார்த்தார்கள். முத்துலிங்கம் வேறு பக்கமாகப் போனார். தாய் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள், சாப்பிட்டியா என்று கேட்டாள், முகத்தை மட்டும் அவன் பக்கம் திருப்பவில்லை. கேட்கத் தைரியமில்லாமல் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"கப்டன் வேல கெடைக்கலயாமே. எங்களாலயா சூசை?"

"இல்லம்மா. எஞ்சின்ல கோளாறு."

சொன்னதுதான் தாமதம், அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அதைப் பார்க்க அவனுக்கும் ஆறுதலாக இருந்தது. இதை வாசலில் நின்று உரக்கச் சொல்லவேண்டும் என்றாள். ஒருத்தருக்கும் விளங்கவில்லை, கண்டபடி பேசினார்கள் என்றாள். அடுத்த தடவை வரும்போது வளைவை இன்னும் பெரிசாகக் கட்டச் சொல்கிறேன், நானும் இன்னும் கிட்டவே வந்து நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

அவன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். இவன் போகாவிட்டாலும் அங்கே வேறு விமானங்கள் இறங்கும்.

"அம்மா, உக்காருங்க. எஞ்சின்ல ஒண்ணும் இல்ல. நான் எறங்கியிருந்தா அந்த வெசிறி ஒங்கள வெட்டியிருக்கும். நீங்க நின்ன எடத்தப் பாத்துத்தான் திரும்பிட்டேன். இனிமே பிளேன் வந்தா யாரும் மைதானத்துப் பக்கமே போகக்கூடாது."

மரியநாயகி உட்கார்ந்தாள். வெட்டியிருக்கும் என்றது அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். இத்தனை நாள் அவளைத் தின்றுகொண்டிருந்தது வேறு ஒன்று.

"அப்ப எங்களப் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு நீ திரும்பிப் போகலயே?"

சூசைரட்ணம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இல்லை என்ற ஒரு சொல்லுக்குள் ஹட்டன் என்று சொல்லித் திரிந்த வருடங்கள் எல்லாம் வந்து அடைத்துக்கொண்டன. தாயின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.