தவிட்டுக்குப் போன பிள்ளை

"டீச்சர், எங்க அத்தை வந்துட்டாங்க" என்றாள் லோஷினி.

பாலர் பள்ளி ஆசிரியை விமலாவை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு வயது லோஷினி இன்னொரு பிள்ளையின் கையைப் பல் பதியக் கடித்திருக்கிறாள். அவர் வரச் சொன்னது அம்மாவை.

"இவங்கம்மா நாகமணி வரலையா?"

விமலாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. நாகமணி அவளுடைய நாத்தனார். பெற்றவள் இங்கே நிற்கிறாள்.

"நான்தான் டீச்சர் பெத்தவ. வேணுமின்னா ஐசி கார்டுல எம்பேரப் பாருங்க லா."

இந்தக் கூத்து தொடங்கி நான்கு மாதமாகிறது. இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே இறந்ததிலிருந்து, ஒன்றரை வருடமாக, விமலாவால் எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தால் மத்தியானம் ஆகிவிடும். லோஷினி முதலில் தோளைத் தொட்டு எழுப்பினாள். பிறகு இழுத்தாள். பிறகு தட்டை எறிந்தாள். தட்டு உடைந்தால் அம்மா எழுந்து வருவாள், திட்டுவதற்காகவாவது. திட்டி முடித்ததும் 'நானெல்லாம் ஒரு தாயா' என்று விமலா இன்னும் சுருண்டு படுப்பாள். பிள்ளை அடுத்த தட்டைத் தேடும்.

"இது மனச்சோர்வு, மருந்து இருக்கு" என்று கிளினிக் தாதி தேதி எழுதிக் கொடுத்தாள். லோரி ஓட்டும் புருஷன் முகுந்தன் அந்தக் காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டான். பைத்தியம் என்று ஊர் பேசுமாம். எந்த ஊர்தான் பேசாமல் இருக்கிறது?

நாகமணி போய்க் குறி கேட்டு வந்தாள். தாய்க்கும் மகளுக்கும் நட்சத்திரம் ஆகாதாம். பிள்ளையைத் தத்துக் கொடுத்து, கூப்பிடும் முறையை மாற்றினால் தோஷம் கழியுமாம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில், சுங்கை புரோங் ஊர் அரிசி ஆலைத் தவிட்டை மூன்று பிடி அள்ளி விமலாவின் மடியில் போட்டுவிட்டு, பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து நாகமணி அம்மா, விமலா அத்தை.

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பிள்ளையைக் கேலி செய்யாத தமிழ் வீடு உண்டா? இந்த வீட்டில் நிஜமாகவே விற்றார்கள். உண்பதும் உறங்குவதும் விமலாவிடம்தான். ஆனால் வாய்தவறி அவளை 'அம்மா' என்றுவிட்டால், நாகமணி பிள்ளையின் உதட்டில் ஒரு சுண்டு சுண்டுவாள். விமலா அதையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். விட்டது தொல்லை என்றுகூட ஒருநாள் நினைத்தாள்.

பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் கூட்டிப்போவதும் நாகமணிதான். இன்று ஆசிரியை அழைத்தபோது அவள் போனை எடுக்கவில்லை; முகுந்தனை அழைத்தார். அதனால்தான் முகுந்தன் விமலாவைப் போகச் சொன்னான்.

"இது மூணாவது தடவைங்க" என்றார் ஆசிரியை. "வீட்டுக்குப் போற நேரத்துலதான் கடிக்கிறா. வாசல்ல பாத்துட்டு 'அம்மா'ன்னு கத்திக்கிட்டு ஓடுதுங்க பாருங்க, அந்தப் பிள்ளைங்களத்தான்."

விமலா மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேராக நாகமணி வீட்டுக்கு விட்டாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாகமணி மேல், முகுந்தன் மேல், குறி சொன்னவன் மேல், எல்லாவற்றையும்விட வாயை மூடிக்கொண்டு மடியை ஏந்திய தன் மேல். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாகத் தன் உடம்பில் ரத்தம் ஓடுவது அவளுக்குத் தெரிந்தது.

நாகமணி கொல்லையில் குந்தியிருந்து கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீ ஏன் விமலா அலையுற? எம்மவள நான் பாத்துக்க மாட்டேனா?" வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் அவள் கெட்டிக்காரி.

விமலா பக்கத்திலிருந்த தவிட்டுச் சாக்கில் கையை விட்டு, ஒன்று, இரண்டு, மூன்று பிடி தவிட்டை அள்ளி அவள் மடியில் கொட்டினாள்.

"சரியா இருக்கா பாத்துக்குங்க அண்ணி. எம்புள்ளைய நான் திருப்பி வாங்கிட்டேன்."

"அடிப்பாவி, சாமி குத்தம் ஆயிரும்!"

"ஆவட்டும். மாரியாத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே எம்புள்ள ஒதட்டுல கை வச்சீங்க, நானே கடிச்சிருவேன்."

"ஒனக்குப் பைத்தியம் முத்திப்போச்சு."

"பைத்தியம் இல்ல, சீக்கு. திங்கக்கெழம கிளினிக்குப் போறேன். ஒங்க தம்பிகிட்டயும் சொல்லிருங்க."

லோஷினி ஓடிவந்து கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. தவிட்டு வாளியை எட்டி உதைத்தாள். கோழிகள் பாய்ந்து வந்தன.

"நாளைக்கும் எந்திரிப்பியா?" என்று கேட்டாள்.

எந்திரிப்பேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பிள்ளையிடம் சொன்ன பொய்கள் போதும்.

"தெரியலம்மா. எந்திரிக்கலேன்னா தட்ட ஒடைக்காத. என்னையக் கூப்புடு. எப்புடிக் கூப்புடுவ?"

லோஷினி நாகமணியைப் பார்த்தாள். கை தானாகப் போய் உதட்டை மூடிக்கொண்டது. பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டு, கோழிகள் சிதறி ஓடும்படி கத்தினாள்.

"அம்மா!"