சேர்மன் போட்ட ஜரிகை

உலக உலோக வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும்: ஆரணிக்கு முன், ஆரணிக்குப் பின். ஐந்து உலோகங்களின் பொடியைச் சமபங்காக அரைத்து ஆறாவதாக ஓர் அதிசயம் படைக்கப்படுகிறது என்பதைப் பூவுலகம் அறியக் கடவது. கோட்டை மைதானத்து மூலையில் கட்டிய பேனர் இப்படித்தான் முழங்கியது. அதில் முக்கால் பாகத்தைச் சேர்மன் தனகோடியின் முகம் எடுத்துக்கொண்டதால், ஐந்து உலோகங்களின் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை.

தனகோடி பட்டு ஜவுளி முதலாளி. கல்வி மேல் கொண்ட காதலால் பொறியியல் கல்லூரி தொடங்கியதாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை. அதிசயத்தை உண்மையில் அரைக்க வேண்டியவள் அங்கே உதவிப் பேராசிரியையாக இருந்த அன்புச்செல்வி. ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு இந்த மாதம் முப்பதோடு முடிகிறது. அதற்குள் இந்த ஒரு மாதிரி சரியாக வந்தாக வேண்டும். மறுபடி செய்யப் பொடி கிடையாது. வரவழைக்க மூன்று மாதம் ஆகும்.

சரியாக வருவதென்றால், இரும்பு, கோபால்ட், நிக்கல், குரோமியம், மாங்கனீசு ஐந்தும் எஃகுக் குண்டுகளுக்கு நடுவே இருபது மணி நேரம் நசுங்கி, யார் எவரென்று தெரியாமல் ஒன்றாகிவிட வேண்டும். எக்ஸ்ரே வரைபடத்தில் ஒரே குடும்பத்து முகடுகள்தான் தெரிய வேண்டும். வேற்றாள் முகடு ஒன்று எழுந்தாலும் ஆய்வேட்டின் தலைப்பே பொய்.

அரைக்கும் மில்லைத் தொடங்கிவைக்கத் தனகோடி வந்தார். புதுப் பாவு ஏற்றும்போது தறியில் ஓர் இணுக்கு ஜரிகை முடிவது அவர் குடும்பத்து வழக்கம். அவள் மூடியைத் திருகப்போன நேரத்தில், சட்டைப்பையிலிருந்து புளியங்கொட்டை அளவு ஜரிகைச் சுருளை எடுத்துப் பொடிக்குள் போட்டார்.

"சார், அது..."

"இன்னாம்மா முழிக்கிற? நம்ம கடை ஜரிகை. சுத்த வெள்ளி, மேல தங்கம். செம்புக் கம்பி சுத்தி விக்கிறவன்னு நெனச்சிகினியா என்னை? ஜல்தி மூடு."

முன்பு ஒருமுறை அவரைத் திருத்திய வேதியியல் ஆசிரியர் இப்போது செய்யாறில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டு பார்க்கிறார். அன்புச்செல்வி மூடினாள். பட்டனை அவரே அழுத்தினார். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓடும் மில்லோடு முக்கால் மணி நேரம் படம் எடுத்துக்கொண்டார். அவர் எழுந்தபோது ஜரிகை பொடியோடு பொடியாகியிருந்தது.

"பொறுக்கிடலாமா மேடம்?" என்றார் லேப் உதவியாளர் அருள்ராஜ்.

"கொழம்புல போட்ட உப்பைப் பொறுக்குவீங்களா?"

ஜரிகைக்குள் இருக்கும் பட்டு நூல் கரியாகும், சமாளிக்கலாம். செம்பாக இருந்தால்கூடக் கொஞ்சம் என்றால் கலந்துவிடும். வெள்ளிதான் எமன். அந்த ஐந்தில் எதோடும் சேராது. கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரித் தனியாக உட்காரும். வரைபடத்தில் முப்பத்தெட்டு டிகிரியில் தனி முகடாக எழுந்து நின்று, ஏழு வருடத்தையும் பார்த்துச் சிரிக்கும்.

பொடியை அழுத்திச் சுட்டுச் சோதித்துத் தரச் சொல்லிச் சென்னை ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினாள். பதினோரு நாள் சோறு இறங்கவில்லை. களம்பூரிலிருந்து வரும் பஸ்ஸில், இன்று வெயில் முப்பத்தெட்டு டிகிரி என்று ரேடியோ சொன்னதற்கே காதைப் பொத்திக்கொண்டாள். தனகோடி அதற்குள் பேனரை மாற்றிவிட்டார்: 'ஆரணியின் அசல் வெள்ளி ஜரிகை கலந்த உலகின் முதல் உலோகம்.' இருபத்தெட்டாம் தேதி விழா. கடையின் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அழைப்பு.

அறிக்கை விழா நாள் காலையில்தான் வந்தது. அன்புச்செல்வி கதவைச் சாத்திக்கொண்டு திறந்தாள். முப்பத்தெட்டில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரே குடும்பம். வேற்றாள் இல்லை. மேசையில் தலை வைத்து அழுதாள். அப்புறம் அடுத்த பக்கத்தில், எந்த உலோகம் எவ்வளவு என்ற பட்டியலைப் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். அறிக்கையை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

மேடைக்குப் பின்னால் ஓடினாள். கிடைத்த பட்டத்தைவிட இருக்கிற வேலை இப்போது பெரிதாகத் தெரிந்தது.

"சார், ரிப்போர்ட் பத்தி தனியா ஒண்ணு சொல்லணும்."

"தனியா இன்னா? மேடையில சொல்லும்மா. வெள்ளி எவ்ளோ வந்துகீதுன்னு ஜனங்க காதால கேக்கட்டும்."

"வேணாங்க சார். சும்மா நல்லபடியா வந்துடுச்சின்னு மட்டும்..."

"ஒரு எழுத்து வுடாத படி."

மைக்கைக் கையில் திணித்தார். முன்வரிசை முழுக்க அவர் கடை முகூர்த்தப் பட்டு உடுத்திய பெண்கள் மினுமினுத்தார்கள். கடைசி வரிகளை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஆனால் இதே பட்டியல்தான் ஆய்வேட்டிலும் போகப்போகிறது. இரும்பிலிருந்து தொடங்கி வரிசையாகப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் தனகோடி தலையாட்டி, கைதட்டச் சொல்லிச் சைகை காட்டினார். கடைசியில் இரண்டு வரி மீதி இருந்தது.

செம்பு, இரண்டு சதவீதம்.

வெள்ளி, இல்லை.