இரண்டாவது பிரேக்

எலுமிச்சம்பழத்தை அறுக்க விடுதி அறையில் கத்தி இல்லை. அவள் வீட்டுச் சாவியால் நடுவில் குத்தி, கட்டை விரலை உள்ளே விட்டுப் பிளந்து, ஒரு பாதியை அம்மாவின் மூக்கருகே கொண்டுபோனாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலையும் ஏரியும் கடைத்தெருவும் பனிமூட்டத்துக்குள் போயிருந்தன. கண்ணாடியைத் தொட்டாலே விரல் சில்லிட்டது. அந்தக் குளிரிலும் அம்மாவின் கழுத்து வேர்த்திருந்தது.

"நேத்து வண்டியில வர வேண்டிய வாந்தி, வழி தெரியாம இன்னைக்கு வந்திருக்கு," என்றான் அவள் கணவன், ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே. "அத்தை, கவர் வேணுமா? ஒரு கட்டு அப்படியே இருக்கு."

அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "வெச்சிருங்க மாப்பிள்ளை. இறங்கும்போது ஆகும்."

அம்மாவுக்கு வண்டி ஆகாது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் முதலில் சொல்லப்படுகிற சங்கதி அது. வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அவள் முகம் வெளுத்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு வாய்த்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதரால் சொந்தப் பெண்டாட்டியைக் கடைத்தெருவரை கூட்டிப்போக முடியவில்லை. வாயைத் திறந்தால் 'மெதுவா, மெதுவா' என்பதால் படிக்க வருகிறவர்கள் அவருக்கு 'மெதுவா சார்' என்று பேர் வைத்திருந்தார்கள். வெளியூர்ப் பயணம் என்று பேச்சு வந்தாலே அம்மா முந்திக்கொள்வாள். "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்." வீடு எங்கும் ஓடிப்போகாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இந்த முறை பிடிவாதமாக நின்றவள் மகள்தான். மருந்துக்கடையில் வேலை. எந்த வியாதிக்கு எந்த மாத்திரை என்று உறவுக்காரர்கள் போன் போட்டுக் கேட்பது அவளைத்தான். 'நம்ம வீட்டு டாக்டர்' என்று அம்மாவே பெருமையடிப்பாள். "வண்டி மயக்கமெல்லாம் ஒரு வியாதியாம்மா? மாத்திரையைப் போட்டுட்டு ஏறு, நான் பார்த்துக்கிறேன்," என்றாள் மகள். அப்பா தன் பங்குக்கு ஒரு யோசனை வைத்திருந்தார். அவர் வேலை பார்த்த டிரைவிங் பள்ளிக்குப் புது வண்டி வந்ததும் பழையதை அவர் சொந்தமாக எடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் காலுக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் வாத்தியார் காலுக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவதை அவர் இன்னும் கழற்றவில்லை.

"என் இடத்துல நீ உட்காரு," என்றார் அம்மாவிடம். "எப்ப வயித்தைப் புரட்டுதோ அப்ப மிதி."

"நிஜமாவே நிக்குமா?"

"மிதிச்சுத்தான் பாரேன்."

மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் திட்டியது நால்வர் காதிலும் விழுந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மலை ஏறி முடிக்கிறவரை ஒவ்வொரு வளைவிலும் அவள் மிதித்தாள், அப்பா ஓட்டினார். பின்னால் கல்யாண ஊர்வலம் போல வண்டிகள் சேர்ந்துவிட்டன. நடந்து போயிருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று மருமகன் முனகினான். மேலே வந்து சேர்ந்ததும் அம்மா பிரிக்காத கவர்க் கட்டை அவன் கையில் திணித்துவிட்டு, போரில் ஜெயித்தவள் மாதிரி விடுதிப் படி ஏறினாள். அன்று சாயந்திரம் ஏரிக்கரையில் குளிருக்கு மூச்சை வாயால் புகைபோல விட்டுப் பார்த்தாள். பிறகு அப்பாவும் அம்மாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என்னவோ சொல்ல, அப்பா அவள் கழுத்தில் மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டார். தூரத்திலிருந்து அதைப் பார்த்த மகளுக்கு, இதை எத்தனையோ வருஷம் முன்பே செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

காலையில் ஆண்கள் இருவரும் தேநீர் வாங்கக் கீழே இறங்கியிருந்தபோதுதான் அம்மா அதைச் சொன்னாள்.

"நெஞ்சுக்குள்ள கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குடி. அப்பாகிட்ட சொல்லிடாத. உடனே மூட்டையைக் கட்டிடுவாரு."

"நேத்து வெறும் வயித்துல மாத்திரை போட்டல்ல, அப்படித்தான் இருக்கும். குமட்டுதா?"

"குமட்டுது."

"அதானே பார்த்தேன். உன் பழைய சிநேகிதன்தான். எங்க வரலையேன்னு நெனச்சேன்."

வாயுவுக்கு ஒரு மாத்திரை, மயக்கத்துக்கு ஒரு மாத்திரை, பிளந்த எலுமிச்சை. கடைக்கு வருகிற யாரோ ஒருத்தி இதையே சொல்லியிருந்தால், 'முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா' என்று மகளே சொல்லியிருப்பாள். சொன்னது அம்மா. அம்மாவுக்குத்தான் வண்டி ஆகாதே.

அப்பா கிளம்ப மனமில்லாமல் கட்டிலோரம் நின்றார். அம்மாதான் விரட்டினாள். "நீங்க பக்கத்துல மூஞ்சியைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தா எனக்கு இன்னும் தலை சுத்தும். போட்ல போகணும்னு ஆசைப்பட்டீங்கல்ல? போயிட்டு வாங்க. நான் ரூமைப் பார்த்துக்கிறேன்."

மூன்று பேரும் போனார்கள். படகில் போனார்கள், படம் எடுத்தார்கள். வரும் வழியில் அப்பா ஒரு கடையில் வெகுநேரம் நின்று, காதுவரை இறங்குகிற கம்பளித் தொப்பி ஒன்றை அம்மாவுக்காகத் தேர்ந்தெடுத்தார். கதவைத் திறந்தபோது அம்மா அதே சுவர்ப் பக்கம் பார்த்தபடி படுத்திருந்தாள். எலுமிச்சைப் பாதி அவள் கையிலிருந்து உருண்டு தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது. "தூங்கறா, சத்தம் போடாதீங்க," என்றார் அப்பா. தொப்பியை அவள் தலையில் மாட்டிப்பார்க்கப் போனவர்தான் முதலில் தெரிந்துகொண்டார்.

அந்த ஊர் ஆஸ்பத்திரி சின்னது. டாக்டரம்மாவும் சின்ன வயதுக்காரி. இதயம் நின்று சில மணி நேரம் ஆகியிருக்கும் என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள், "காலையில ஏதாவது சொன்னாங்களா? வேர்வை, குமட்டல், நெஞ்சு அடைக்கிற மாதிரி?"

"வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னாங்க," என்றாள் மகள். மீதியை விழுங்கிவிட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இன்னும் அந்தத் தொப்பி இருந்தது. இதை அவரிடம் சொல்லாமல் ஒரே வீட்டில் எப்படி முகத்தைப் பார்ப்பது, சொல்லிவிட்டால் எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழக்கூடத் தனக்கு யோக்யதை இல்லை என்று நினைத்தாள்.

மத்தியானம் ஆம்புலன்ஸ் கிளம்பியது. அம்மாவை நடுவில் கிடத்தி, அப்பாவும் அவளும் பக்கவாட்டுப் பலகையில் உட்கார்ந்தார்கள். பயிற்சி வண்டியைக் கணவன் தனியாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான். பனி விலகி வெயில் வந்துவிட்டிருந்தது. சாலையோரத்தில் ஆட்கள் நின்று பள்ளத்தாக்கைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லை தாண்டுகிறவரை அவள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"காலையில அம்மா என்கிட்ட சொன்னாங்கப்பா. நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்குன்னு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. நான்தான் வண்டி மயக்கம்னு நெனச்சு மாத்திரையைக் கொடுத்துட்டுக் கிளம்பிட்டேன்."

வண்டி இரைந்துகொண்டு இறங்கியது. அப்பா அம்மாவின் மேல் கிடந்த போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். சரியாக இருந்ததை மறுபடி சரிசெய்தார்.

"என்கிட்ட நேத்து சாயந்திரமே சொன்னா," என்றார். "ஏரிக்கரையில. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. ஆசையா கூட்டிட்டு வந்திருக்கா, பயந்துடுவான்னு."

அவள் அவரையே பார்த்தாள்.

"நானும் வண்டி மயக்கம்னுதான் நெனச்சேன். வளைவுல இன்னும் கொஞ்சம் மெதுவா வந்திருக்கணும்னு நெனச்சேன்."

அவர் கையைப் பிடிக்கப் போனாள். கம்பளித் தொப்பிதான் கைக்கு அகப்பட்டது. அதையே பிடித்துக்கொண்டாள்.

வளைவுகள் தொடங்கின. ஓட்டுநர் கை பழகியவர், வேகமாகவே ஒடித்துத் திருப்பினார். அம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது. அப்பா எழுந்து, முன்பக்கச் சிறு ஜன்னலில் தட்டினார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவா போங்க. அவளுக்கு வளைவு ஆகாது."

ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. "சரிங்கய்யா," என்று கியரைக் குறைத்தார். வண்டி ஊர்ந்தது. சற்று நேரத்தில் பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடிக்கத் தொடங்கின. ஒட்டியபடி வந்த பயிற்சி வண்டி மட்டும் அடிக்கவில்லை.

அப்பா பலகையில் வந்து உட்கார்ந்தார். அடுத்த வளைவு வந்தபோது அவருடைய கால் வெறும் தரையை அழுத்தி மிதித்தது. அதற்கடுத்த வளைவிலும் மிதித்தது. அதற்கும் அடுத்ததில் மகளின் காலும் கூடவே மிதித்தது.