பொட்டு வைத்த சவ்வு

பேராசிரியர் கௌதம்ராஜுக்குத் தன் ஆராய்ச்சி மாணவி பாண்டிசெல்வியின் சவ்வைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு கேலிதான். "என்னம்மா, உன் ஆராய்ச்சி ஜவ்வா இழுக்குது?" நாலு வருஷமாக இதையே சொல்லி, தானே சிரித்துக்கொள்வார். ராஜபாளையத்தில் கெமிக்கல் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் விஜயபாண்டி சவ்வைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார் என்றதும், அது ஒரே நாளில் "என் சவ்வு" ஆகிவிட்டது. கல்லூரி வாசலில் பேனர். அதில் கோவில் கோபுரத்தைவிட அவர் முகம் பெரிது. பாண்டிசெல்வியின் பெயரைத் தேடினால் பேனர் அடித்த கடையின் போன் நம்பர்தான் கிடைக்கும்.

தேவதானத்துப் பெண் பாண்டிசெல்விக்கு அந்த மாதத்தோடு உதவித்தொகை முடிகிறது. சவ்வைச் செய்தவருக்குத் தன் ஆலையில் வேலை என்று விஜயபாண்டி சொல்லியிருந்தார். செய்தவள் அவள்தான். கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய பாலிமர் தாள் அது. டொலுவினும் மெத்தனாலும் கலந்த கழிவை ஊற்றினால் மெத்தனாலை மட்டும் தன் வழியே விடும்.

"பொட்டு வைக்காம எந்த மெஷினையும் ஓட்டப்படாது" என்றார் பேராசிரியர்.

"மெஷினுக்கு வைங்க சார். சவ்வுல மட்டும் தண்ணி படக்கூடாது, ஊறிருச்சுன்னா டொலுவினையும் விட்டுரும்."

"தண்ணியா? ஏம்மா, இது சந்தனம்!"

பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாளின் நட்டநடுவில் அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய மனுஷன்! படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

விஜயபாண்டி வந்து உட்கார்ந்ததும், பாண்டிசெல்வி அதைத் துடைத்து மெஷினில் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினாள். சவ்வைத் தாண்டி வந்ததை ஒரு தம்ளர் தண்ணீரில் ஊற்றினாள். "மெத்தனால்னா தண்ணியோட கலந்துரும். டொலுவின் மேல மிதக்கும்."

மிதந்தது, ரசத்தில் எண்ணெய் மிதப்பது போல.

"நான் அப்பவே நெனச்சேன் சார்" என்றார் பேராசிரியர், கூச்சமே இல்லாமல். "இது இந்தப் புள்ள செஞ்சது. சரியா வராதுன்னு தெரியும்."

விஜயபாண்டி எழுந்தார். பாண்டிசெல்வி குறுக்கே வந்தாள்.

"செத்த நேரம் இருங்க சார். இன்னொண்ணு இருக்கு."

அலமாரியில் ஈரம் படாமல் வைத்திருந்த இரண்டாவது தாளை எடுத்தாள். பேராசிரியரின் கை சந்தனக் கிண்ணத்தைத் தேடியது. கிண்ணத்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வைத்தாள்.

இன்னொரு மணி நேரம், இன்னொரு தம்ளர். இந்த முறை எதுவும் மிதக்கவில்லை. விஜயபாண்டி தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அருமை. இதச் செஞ்சது யாரு?"

"நம்ம சவ்வு சார்!" பேராசிரியர் முந்திக்கொண்டார். "என் சவ்வு என்னைக்கும் ஏமாத்தாது."

பாண்டிசெல்வி முதல் தாளை எடுத்து, குங்குமக் கறையோடு அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒங்க சவ்வு இது சார். அது இந்தப் புள்ள செஞ்சது."

விஜயபாண்டி அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, திங்கக்கிழமை ராஜபாளையத்துக்கு வந்துருதியா?"