நாலாவது போல்ட்

"இழுங்க சித்தப்பா. நேத்து இழுக்க வராதவரு இன்னைக்காவது இழுங்க" என்றாள் லீனா.

கில்பர்ட் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டார். மேலே இரும்பு கர்டரில் மாட்டியிருந்த செயின் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சங்கிலி கடகடவென்று கொஞ்சம் இறங்கி, நின்றுவிட்டது. கான்டெஸா காரின் மூக்குதான் எழும்பியது. ஏற்கெனவே பாதி மேலே வந்து தொங்கிக்கொண்டிருந்த இஞ்சின் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டியில் ரெமிஜியஸ் வீட்டுக்கு வருகிறார். லீனாவின் அப்பா. நேற்றுக் காலை இதே இடத்தில், இதே சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். ஆட்டோ அல்சூர் ஏரியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வருகிறவரை வைக்க இடம் வேண்டுமே! மர்பி டவுன் வீடு, அகலமே பத்தடி. அதில் முன்பக்கம் முழுவதையும் ஷட்டர் போட்டு காரேஜ் ஆக்கி வைத்திருந்தார் அந்த மகராசன். காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே போகலாம். பெட்டி எப்படிப் போகும்? காரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டால் காரேஜிலேயே வைத்துவிடலாம். ஆனால் இஞ்சின் சங்கிலியில் தொங்குகிறது, அதோடு சேர்ந்த கியர்பாக்ஸ் இன்னும் காரின் வயிற்றுக்குள் கிடக்கிறது. மறுபடி கீழே இறக்கலாமென்றால், தாங்கிப் பிடிக்கும் பட்டைகளை எல்லாம் கழற்றிப் போட்டாயிற்று. இறக்கினால் கியர்பாக்ஸ் தரையில் உட்கார்ந்துகொள்ளும், கார் நகராது. இரண்டும் முழுசாக மேலே வந்தால்தான் காரைப் பின்னால் தள்ள முடியும்.

"நேரா கோயிலுக்கே கொண்டாந்துடுங்களேம்மா" என்று பங்குச் சாமியார் போனில் சொல்லிப் பார்த்தார். லீனாவின் அம்மா பிரிஜெட் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு வீட்டுக்கு வந்துட்டுத்தான் போவாரு ஃபாதர்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்து வரவில்லை.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார், அஞ்சு கிலோவுக்கு மேலே தூக்கக்கூடாது என்று. பிரேசர் டவுன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்து, பஸ் பிடித்து இங்கே வந்து, கேஸ் சிலிண்டரையும் தண்ணிக் கேனையும் லீனாதான் தூக்கி வைத்துவிட்டுப் போவாள். "இனிமே அந்தக் கார்ல கை வெக்க மாட்டேன்" என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். அந்தக் கையால்தான் இதையும் பண்ணியிருக்கிறார்.

"இந்தப் புல்லி வாங்கிட்டு வந்து குடுத்தது யாரு?"

"நாந்தாம்மா" என்றார் கில்பர்ட்.

"ஒன்பது மணிக்கு வந்து இழுக்கறேன்னு சொன்னது?"

"நாந்தான்."

"பத்து மணிக்கு வந்து நின்னது?"

"நாந்தாம்மா. சிவாஜிநகர்ல டிராஃபிக்..."

"டிராஃபிக்! டாடி பெட்டியை நீங்க தொடக்கூடாது. சொல்லிட்டேன்."

"சரிம்மா" என்றார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருப்பி ஒரு வார்த்தை பேசினால்தானே சண்டை? சரி சரி என்று தலையாட்டுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஸ்பேனர் ஒன்றைக் காலால் எத்தினாள். அது உருண்டு போய் ஷட்டரில் மோதியது.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு முனிராஜ் வந்தார். கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தரம் நெம்பினார்.

"ஆகல்லா லீனா, ஆகாது. எங்கியோ மாட்டிக்கிச்சு. சும்னே எதுக்கு கஷ்டப்படறீங்க? என் மச்சான்கிட்ட கேஸ் கட்டர் இருக்கு. கூப்பிட்டா அரை மணியில வந்துடுவான். கியர்பாக்ஸை அப்படியே அறுத்துத் தள்ளிடலாம். எப்படியும் குஜிரியில பழைய இரும்புக்குத்தானே போகப் போகுது?"

"கூப்பிடுங்க" என்றாள் லீனா. "துண்டு துண்டா வெட்டட்டும். கண்ணால பாத்தாத்தான் எனக்கு ஆறும்."

"எதையும் வெட்ட வேணாம்."

பிரிஜெட் சுவரோரமாக ஒருக்களித்து வந்துகொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை காரில் உரசி அழுக்கானதை அவள் கவனிக்கவில்லை. இந்தக் காரைக் கண்டாலே பிரிஜெட்டுக்கு ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். பூசை முடிந்து கோயில் வாசலில் யார் விசாரித்தாலும், "எனக்கென்ன, என் சக்களத்தியோட குடும்பம் நடத்திட்டிருக்காரு" என்பாள். அப்படிப்பட்டவள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். சீட்டை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்கள். புடவையைச் சுருட்டிக்கொண்டு வெறும் தகரத்தில் முட்டி போட்டாள்.

"லீனா, பத்து நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் எடு. நீல டப்பாவுல, அடித்தட்டுல இருக்கும்."

"உங்களுக்கு இதுல என்ன தெரியும் மம்மி? எழுந்திரிங்க, ஆளுங்க பாக்கறாங்க."

"கியர் லிவர் இன்னும் கழட்டல. அது ஓட்டையில மாட்டிக்கிட்டு நிக்குது. அதான் வரல. எடு ஸ்பேனரை."

லீனாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "லிவரைக் கழட்டாமயா டாடி தூக்கினாரு?"

"அது டாடி வேலை இல்ல. என் வேலை."

முனிராஜ் கடப்பாரையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். பிரிஜெட் யார் முகத்தையும் பார்க்காமல், கியர் லிவரைச் சுற்றியிருந்த ரப்பரை மேலே உருட்டினாள்.

"நாலு போல்ட்டு. நேத்து மூணு வந்துடுச்சு, நாலாவது துரு புடிச்சிருந்துச்சு. உள்ள உப்புமா அடிப்புடிக்கற வாசனை. 'ஆச்சா பிரிஜெட்'னு கேட்டாரு. ஆச்சுன்னு சொல்லிட்டு அடுப்பை அணைக்கப் போயிட்டேன்." ரப்பரைத் தடவிப் பார்த்தாள். "இழுத்தாரு. வரல. மறுபடி இழுத்தாரு. உள்ள இருந்தே கத்தினேன், 'என்னா, கிழவனாயிட்டியா, நான் வந்து இழுக்கட்டுமா'ன்னு. சிரிச்சாரு. அப்புறம் சங்கிலிச் சத்தமே இல்ல."

தெருவில் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

"எட்டு மணியில இருந்து நாங்க இழுத்துட்டிருக்கோம்" என்றாள் லீனா. "உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டேதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"தானா வந்துடாதான்னு பாத்தேன்" என்றாள் பிரிஜெட். "அந்த லிவர் இருந்தும் வந்துடுச்சுன்னா, நேத்து நடந்தது என்னால இல்லன்னு ஆயிடுமில்ல."

"தினம் தினம் எனக்கு போன் பண்ணி அழுதீங்களே. உங்க அப்பா கேக்க மாட்டேங்கறாரு, நீயாவது சொல்லுன்னு. நானும் கழுதை மாதிரி கத்திக்கிட்டிருந்தேன். அவரு என்கிட்ட பேசறதையே குறைச்சுக்கிட்டாரு. நீங்க பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்திருக்கீங்க!"

"குடுத்தேன். அழுதேன், குடுத்தேன். ரெண்டும் செஞ்சேன். சாயங்காலமானா இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரு வேற என்னடி பண்றது? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு உக்கார்றதா? இங்க வந்தாத்தான் அந்த மனுஷன் பேசுவாரு. ஸ்பேனரைக் குடு!"

லீனா கில்பர்ட் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"அண்ணி கூடமாட வேலை செய்யறது தெரியும்மா. லிவர் விஷயம் சத்தியமா தெரியாது." கில்பர்ட் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணி நேத்து இங்க இருந்தாங்கன்னு உன்கிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. பழி என் மேல போகட்டும்னு விட்டுட்டேன். நான் லேட்டா வந்ததும் நெஜந்தானே."

லீனா நீல டப்பாவைக் கவிழ்த்தாள். கொட்டியதில் பத்து நம்பரைத் தேடி எடுத்து அம்மாவின் பக்கம் போட்டாள். கையில் கொடுக்கவில்லை. பிரிஜெட் அதைப் பொறுக்கி, இருட்டான ஓட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு போல்ட்டைத் தேடினாள். பல்லைக் கடித்துத் திருப்பினாள். நகரவில்லை. இரண்டாவது தரம் உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டாள். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். லிவரை உருவி எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இப்ப இழு."

கில்பர்ட் இழுத்தார். ஒரு கையாலேயே வந்தது. இஞ்சினும் அதன் பின்னால் கியர்பாக்ஸும் தலையைச் சாய்த்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல லேசாக எழும்பி வந்தன. இவ்வளவு லேசா? லீனாவுக்கு எதையாவது உடைக்க வேண்டும்போல் இருந்தது. உடைக்க ஒன்றும் அகப்படவில்லை. முனிராஜோடு சேர்ந்து முன்பக்கத்தில் தோளைக் கொடுத்து, அத்தனை கோபத்தையும் போட்டுக் காரைத் தள்ளினாள். அது தெருவைத் தாண்டிப் போய் எதிர் வீட்டுப் படியில் இடித்து நின்றது.

இஞ்சினை மூலையில் இரண்டு டயர் மேல் இறக்கி, பெட்ஷீட் போட்டு மூடினார்கள். எண்ணெய்த் தரையில் முனிராஜ் மரத்தூள் கொட்டிப் பெருக்கினார். பெஞ்சு வந்தது, மெழுகுவர்த்தி வந்தது. பதினொன்று ஐந்துக்கு வண்டி வந்தது.

பின்கதவு திறந்ததும் நாலு பேர் முன்னால் போனார்கள். கில்பர்ட் ஒதுங்கிக் காரோரமாக நின்றுகொண்டார்.

"அங்க என்ன நிக்கறீங்க?" என்று அதட்டினாள் லீனா. "தலைப்பக்கம் பிடிங்க. கனமா இருக்கும்."

ரெமிஜியஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, பொத்தான் மட்டும் போடவில்லை. தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து பிரிஜெட்தான் ஜெபமாலையை ஆரம்பித்தாள். குரல் பிசிறில்லாமல் வந்தது. பத்து மணிகள் உருண்டன, இன்னொரு பத்து. வெள்ளை மணிகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வந்ததை லீனாதான் முதலில் பார்த்தாள்.

உள்ளே போனாள். ஒரு பேசினில் தண்ணீரும், பாத்திரம் தேய்க்கிற சோப்பும், தேங்காய் நாரும் எடுத்து வந்தாள். அம்மாவின் பக்கத்தில் தண்ணீர் தெறிக்க வைத்தாள்.

"கையை நீட்டுங்க."

பிரிஜெட் ஜெபத்தை நிறுத்தாமல் மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். லீனா அதைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக, நக இடுக்கு, முட்டி, உள்ளங்கை ரேகை என்று தேய்த்தாள். கிரீஸ் லேசில் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தோல் சிவந்துவிட்டது. பெண்கள் பதில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லீனா சொல்லவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

வலித்திருக்கும். பிரிஜெட் கையை இழுத்துக்கொள்ளவில்லை.