இரண்டு வீட்டுக்கு ஒரு படகு

விற்பவர் வீட்டு முற்றத்தில் போய் நின்றதும் என் புருஷன் வெர்லின் முதலில் செய்வது, படகின் இன்ஜின் மூடியைத் தூக்கி உள்ளங்கையை அதன்மேல் வைப்பதுதான். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பான். சூடாக இருந்தால், நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் எப்படித் திணறும் என்பதை நம் கண்ணில் காட்ட விரும்பாதவர்களின் வேலை அது. செப்டம்பரில் அப்படி ஒருத்தர் அகப்பட்டார். "இப்பத்தான் சும்மா ஒரு தடவை போட்டுப் பாத்தேன்" என்றார். வெர்லின் தலையாட்டினான். நல்ல படகு என்றான், வீட்டில் யோசிக்கணும் என்றான், அவருடைய நாயைத் தடவிக்கொடுத்தான், இந்த வருஷம் பனி சீக்கிரம் வருமா என்று கால் மணி நேரம் பேசினான். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் "களவாணி" என்றான். மினசோட்டாக்காரர்கள் நாங்கள் எல்லோரும் இப்படித்தான். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதை முகம் மறைந்த பிறகு சொல்வோம்.

அது இரண்டாவது படகு. முதல் படகில் தரைவிரிப்பைத் தூக்கினால் காளான் முளைத்திருந்தது. காலை வைத்தால் தளம் பழைய மெத்தை மாதிரி உள்ளே போனது. மூன்றாவதில் ஒலிபெருக்கி மட்டும் பன்னிரண்டு இருந்தது, அந்த விலைக்கு எங்கள் வீட்டுக் கூரையையே மாற்றிவிடலாம். நாலாவது, நீலக் கோடு போட்டது, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டினால் டக் டக் என்று வராமல் பொத் பொத் என்று வந்தது, உள்ளே மரம் உளுத்துப்போயிருந்தது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். தினமும் காலையில் வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்க்காமல் எடுக்க மாட்டேன். அதனாலோ என்னவோ இந்தத் தட்டுகிற வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு குடும்பம் பதினைந்து கோடைகளை எப்படிக் கழித்தது என்பது படகுக்குள் அப்படியே கிடக்கும். இருக்கைக்கு அடியில் ஒற்றைக் காலுறை, சூரியகாந்தி விதைத் தோல், பட்டை அறுந்த நீச்சல் கண்ணாடி. கைவிட்டுத் துழாவும்போதெல்லாம் இவர்கள் யார், ஏன் விற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. எட்டுப் பேர் உட்கார வேண்டும். சறுக்குப் பலகையோடு தண்ணீரில் கிடக்கிற கனத்த ஆளைக் கயிற்றில் இழுத்து நிமிர்த்துகிற சக்தி வேண்டும். காற்றடைத்த பெரிய வளையத்தில் பிள்ளைகளை ஏற்றி அலறவிட வேண்டும். எல்லாம் ஒன்பதாயிரம் டாலருக்குள். இதில் எட்டுப் பேர் என்பதுதான் சிக்கல். எங்கள் வீட்டில் நாலு பேர்தான். மீதி நாலு பேர் வெர்லினுடைய அண்ணன் ஆர்லன் வீடு. ஏரிக்கரைக் குடில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. போன வருஷம் வரை படகும் அப்படித்தான் இருந்தது.

ஏரி உறைவதற்கு முன்பு படகு இன்ஜினுக்குள் இருக்கிற தண்ணீரை வடித்துவிட வேண்டும். எங்கள் இன்ஜினில் அதற்கு ஐந்து வடிகால் திருகுகள். உள்ளே தங்குகிற தண்ணீர் உறைந்து பெருத்தால் இரும்பே பிளந்துவிடும். இருபது வருஷமாக அந்த வேலையை ஆர்லன்தான் செய்துவந்தார். போன வருஷம் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதால், "இந்தத் தடவை நீ பாத்துக்கடா" என்று தம்பியிடம் ஒப்படைத்தார். மே மாதம் எண்ணெய் அளக்கிற கம்பியை உருவிப் பார்த்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் காப்பி நிறத்தில் இருந்தது. இன்ஜின் பக்கவாட்டில் என் கை நீளத்துக்கு விரிசல்.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. ஐந்து திருகும் கழற்றித்தான் இருந்தது. ரொட்டி சுடுகிற பழைய தகரத் தட்டில் வரிசையாகக் கிடந்தன, நானே எண்ணினேன். அப்படியானால் தண்ணீர் எப்படி உள்ளே தங்கியது? வெர்லினிடம் கேட்டேன். "போன குளிர் ரொம்ப மோசம்" என்றான். மறுபடி கேட்டேன். புல் வெட்டப் போய்விட்டான். ஆர்லன் வந்து விரிசலைப் பார்த்தார், விரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவினார், "பரவால்லடா, நடக்கறதுதான்" என்றார். எங்களில் ஒருவர் திட்டிவிட்டால் மறுநாள் சரியாகிவிடும். பரவாயில்லை என்றால்தான் பயப்பட வேண்டும்.

அந்தக் கோடை முழுக்க ஆர்லன் வீட்டார் குடிலுக்கு வரவில்லை. முதலில் முழங்கால் என்றார், அப்புறம் வேலை என்றார், அப்புறம் காரணம் சொல்வதையே நிறுத்திவிட்டார். அக்டோபரில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'படகு உங்களுக்கு மட்டும் பாத்துக்குங்க. நாங்க இனிமே அவ்வளவா வர மாட்டோம். குடில்ல எங்க பங்கைப் பத்தியும் பேசிடலாம்.' வெர்லின் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்துவைத்தான். அன்று ராச்சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. பங்கைப் பிரித்துவிட்டால் அண்ணனும் தம்பியும் இனி சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் பார்த்துக்கொள்வார்கள்.

அதனால்தான் திருட்டுத்தனமாக ஒரு காரியம் செய்தேன். நவம்பர் முதல் வாரம், ஹெய்டி என்ற பெண்ணின் விளம்பரம் கண்ணில் பட்டது. எட்டுப் பேர் படகு, ஒரே குடும்பம் வைத்திருந்தது, எட்டாயிரத்து ஐந்நூறு. எங்கள் வண்டியே அதை இழுக்கும் என்று வெர்லின் சொன்னான். இழுக்காது என்று நான் முடிவு செய்து, அவனுக்குத் தெரியாமல் ஆர்லனைப் போனில் கூப்பிட்டு, "உங்க ட்ரக் வேணும்" என்றேன். எங்கள் ஆட்களை வா என்று அழைத்தால் வராமலிருக்க நூறு காரணம் வைத்திருப்பார்கள். உதவி என்று கேட்டுவிட்டால் மறுக்க வாய் வராது.

நாற்பது நிமிடப் பயணம். ட்ரக்கின் முன்னிருக்கையில் இருவருக்கும் நடுவில் நான். மான் வேட்டை தொடங்கிய வாரம் என்பதால் வழியெல்லாம் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள். யாருக்கு எத்தனை கிளைக் கொம்புள்ள மான் கிடைத்தது என்று பேசினார்கள், பெட்ரோல் விலை பேசினார்கள், பாதையோரம் புதிதாக வந்த டயர் கடையைப் பற்றிக்கூடப் பேசினார்கள். படகு என்ற சொல் மட்டும் வரவில்லை. இரண்டு பெரிய ஆட்கள் இவ்வளவு கவனமாக ஒன்றைச் சுற்றிப் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பது பேருந்தில் அறுபது பிள்ளைகள் கத்துவதைவிடக் களைப்பாக இருந்தது.

ஹெய்டிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் வேட்டைக்குப் போயிருந்தான். பூசணி கேக் துண்டுகளோடு தட்டை நீட்டினாள். வேண்டாம் என்றோம். இருக்கட்டும், எடுத்துக்குங்க என்றாள். பரவாயில்லைங்க என்றோம். மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டோம். படகு டிரெய்லரில் சரளைக்கல் முற்றத்தில் நின்றது. வெர்லின் உள்ளே ஏறி நடந்து பார்த்தான், இருக்கைகளைத் தூக்கினான், பின்பலகையைத் தட்டினான். டக் டக். இன்ஜின்மேல் கையை வைத்தான். ஆர்லன் மட்டும் இரண்டடி தள்ளி, கோட்டுப் பைகளுக்குள் கைகளை விட்டுக்கொண்டு டிரெய்லர் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டிக் காட்ட முடியாதுங்க" என்றாள் ஹெய்டி. "முந்தாநாள்தான் தண்ணி வடிச்சேன். எப்பவும் என் மாமனார் செய்வாரு. இந்த வருஷம் அவரு அரிசோனா வெயிலுக்குச் சீக்கிரமே ஓடிட்டாரு. நானே வீடியோ பாத்துச் செஞ்சேன்." சொல்லிவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் குலுக்கினாள். "அஞ்சு திருகு. எண்ணிப் பாத்துக்குங்க. நாலுலேருந்து தண்ணி கொட்டுச்சு. இடது பக்கத்து ஒண்ணுல மட்டும் சொட்டுக்கூட வரல. அது ஏற்கெனவே காலி போலிருக்குன்னு விட்டுட்டேன்."

வெர்லின் முகம் வெளுத்துப்போனது. இன்ஜின்மேல் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்தான்.

"துணி மாட்டற கம்பி ஒண்ணு கிடைக்குமா?" என்றான்.

அவள் உள்ளே போய்க் கொண்டுவந்தாள். அதை முறுக்கி நேராக்கினான். பின்னிருக்கைமேல் குப்புறப் படுத்து இன்ஜினுக்கும் படகுச் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் தேடினான். கம்பி இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி குத்தினான். உள்ளே ஏதோ சளக்கென்று இளகியது, அப்புறம் கொட்டத் தொடங்கியது. படகின் பின்பக்கத் துளை வழியாகத் துரு கலந்த தண்ணீர் சரளையில் விழுந்து என் பூட்ஸ் வரை வந்தது. முழுசாக ஒரு வாளி இருக்கும்.

"ஐயோ, அது எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் ஹெய்டி.

வெர்லின் தலையைத் தூக்கவில்லை. "துருவும் மணலும் சேந்து ஓட்டையை அடைச்சுக்கும். திருகைக் கழட்டினா ஒண்ணும் வராது. காலின்னுதான் தோணும். குத்திப் பாக்கணும். இன்னைக்கு ராத்திரி கடுமையா உறையப் போகுது, நல்ல வேளை இப்பவே பாத்தோம்." கம்பியை வெளியே உருவினான். "போன வருஷம் எனக்கும் ஒண்ணுல வரல. காலின்னு நினைச்சேன். எங்க ரெண்டு வீட்டுக்கும் இருந்தது அந்த ஒரு படகுதான். என்னாலதான் பிளந்துச்சு."

ஆறு மாதமாக என்னிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத பெண்ணிடம், யாரோ ஒருவருடைய இன்ஜினைப் பார்த்துச் சொல்லிவிட்டான். தகரத் தட்டில் ஐந்து திருகு இருந்த மர்மம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை, நான் ஆர்லனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை வெளியே எடுத்திருந்தார்.

"கம்பி விஷயத்தை நான் உங்கிட்ட சொல்லவே இல்லைடா" என்றார்.

"நான் கேக்கலையே."

"அது இல்ல." ஆர்லன் தொண்டையைச் செருமினார். "அந்த நவம்பர்ல ஒருநாள் நான் குடிலுக்குப் போனேன். ஊன்றுகோலோட. கையில கம்பிகூட இருந்துச்சு. நீ துணி போத்தி, கயிறெல்லாம் அழகா இழுத்துக் கட்டி வச்சிருந்தே. அவுத்து ஒரு தடவை குத்திப் பாத்துடலாம்னுதான் போனேன். அப்புறம், நான் வந்து பாத்தது உனக்குத் தெரிஞ்சா, அண்ணனுக்கு எம்மேல நம்பிக்கை இல்லைன்னு நினைப்பியேன்னு தோணுச்சு. கயித்தைத் தொடாம திரும்பி வந்துட்டேன்."

வெர்லின் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான்.

"மே மாசம் அந்த விரிசலைப் பாத்ததுலேருந்து உன் மூஞ்சியப் பாக்க முடியலடா" என்றார் ஆர்லன்.

இவனுக்கு அண்ணன் கோபமாக இருக்கிறார் என்று பயம். அவருக்குத் தம்பி முகத்தைப் பார்க்க வெட்கம். இடையில் பிள்ளைகளுக்கு ஒரு முழுக் கோடை போயிற்று, குடிலே கையைவிட்டுப் போக இருந்தது. இரண்டு பேரையும் அந்த இன்ஜினுக்குள் தள்ளி மூடியைச் சாத்திவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதோடு அழுகையும் வந்தது. ஹெய்டி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேக் தட்டை என் பக்கம் நீட்டினாள். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டேன்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றான் வெர்லின்.

"நீ மட்டும் ரொம்பச் சொன்னியாக்கும்."

வெர்லின் மூக்கைப் புறங்கையால் துடைத்தான், முகத்தில் துருக்கறை ஒட்டிக்கொண்டது. டார்ச் வாங்கி இன்ஜினின் இரண்டு பக்கமும் அடித்துப் பார்த்தான். விரிசல் எதுவுமில்லை.

"அப்போ படகு?" என்று ஹெய்டி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

வெர்லின் அண்ணனைப் பார்த்தான். "தளம் உறுதியா இருக்கு. நான் முன்னாடியே நடந்து பாத்துட்டேன்."

ஆர்லன் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் படகைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"நானும் ஒரு தடவை பாத்துடறேன்" என்றார்.

நான் வெர்லினைப் பார்த்தேன். அவன் இறங்கி, ஈரச் சரளையில் மல்லாந்து படுத்து டிரெய்லருக்கு அடியில் நகர்ந்து போய், படகின் வயிற்றில் காதை வைத்தான். ஆர்லன் சிகிச்சை செய்த காலை இழுத்து இழுத்து ஏறினார். நூற்றுப்பத்துக் கிலோ ஆள், தளத்தின் நடுவில் நின்று ஒரு குதி குதித்தார். டிரெய்லர் வில்லெல்லாம் கிரீச்சிட்டது.

"என்னடா கேக்குது?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பின்னாடி வந்து குதி."

ஆர்லன் நகர்ந்து, முன்கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மறுபடி எம்பினார்.